கணிப்பொறிப் பாதுகாப்பும் திறந்த மென்பொருளும்: கொல்கத்தா தரும் பாடம்

2017ஆம் ஆண்டு மே மாதத்தில் மேற்கு வங்க மாநிலம் மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில் சில மின் விநியோக அலுவலகங்களின் கணிப்பொறிகள் திடீரெனச் செயலிழந்தன. கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன என்றும், பணம் செலுத்தினாலன்றி அவை திறக்கப்பட மாட்டா என்றும் கூறும் அறிவிப்பு ஒன்றே திரையில் நின்றது. அம்மாதம் 12ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ 150 நாடுகளில் பரவிய 'வன்னாக்ரை' என்னும் பணப்பறிப்பு நச்சுநிரலின் வேலை அது. பிரிட்டனில் மருத்துவமனைகளை முடக்கிய அதே நிரல், வங்கத்தின் சிற்றூர் அலுவலகங்களையும் எட்டிப் பிடித்தது.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்க உண்மைகள் இரண்டு உள்ளன. அந்த நிரல் நுழைவதற்கு இடமளித்த ஓட்டையை அமெரிக்க அரசின் உளவமைப்பு ஒன்று நெடுநாள் முன்னரே கண்டறிந்து, தன் பயனுக்கெனப் பரம இரகசியமாக வைத்திருந்தது. அந்த இரகசியம் களவு போய், 2017 ஏப்ரலில் உலகறிய வெளியாயிற்று. இது முதல் உண்மை. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு முந்திய மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவிக்கொள்ளாத கணிப்பொறிகளே பெரும்பாலும் இரையாயின. இது இரண்டாவது உண்மை. மறைத்து வைத்தலே பாதுகாப்பு என்னும் நம்பிக்கையும், தெரிந்த குறையைத் திருத்துவதில் காட்டும் தாமதமும் ஒன்று சேரும்போது விளையும் கேடு எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நிலப் பதிவேடு, குடும்ப அட்டை, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு ஆகியவை எல்லாம் இன்று கணிப்பொறியில் உறைகின்றன. ஆகவே, பாதுகாப்பு எவ்வாறு அமைகிறது, அதற்கும் மென்பொருளின் வெளிப்படைத் தன்மைக்கும் என்ன தொடர்பு என்னும் கேள்விகள் வல்லுநர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. மக்கள் தகவல்களைக் கையாளும் ஒவ்வோர் அலுவலருக்கும் உரியவை. இவற்றுக்கு விடை காண்பதில் கொல்கத்தா நகரின் அனுபவம் பெரிதும் துணை செய்கிறது.

வரலாற்றுப் பின்னணி

நம் நாட்டில் கணிப்பொறியின் வரலாறு கொல்கத்தாவில் தொடங்குகிறது. பேராசிரியர் பி.சி. மகலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு, 1955ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டனிலிருந்து 'எச்.இ.சி.-2எம்' என்னும் மின்னணுக் கணிப்பொறி வந்து சேர்ந்தது. நாட்டில் அமைக்கப்பட்ட முதல் இலக்கமுறைக் கணிப்பொறி அதுவே. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் கட்டமைப்பை மகலனோபிஸ் வகுத்த காலம் அது. திட்டமிடுதலும் கணிப்பொறியும் ஒரே வளாகத்தில் வளர்ந்தன. பின்னர், 1966இல் இந்நிறுவனமும் யாதவ்பூர் பல்கலைக்கழகமும் இணைந்து 'இசிஜு-1' என்னும் கணிப்பொறியை உருவாக்கின. வாங்கிய யந்திரத்தை இயக்குவதோடு நில்லாமல், அதன் உள்ளமைப்பை அறிந்து தாமே செய்து பார்க்கும் மரபு அங்கே வேரூன்றியது.

அதே நிறுவனத்தில் பணியாற்றிப் பின்னர் அமெரிக்கா சென்ற கணிதப் பேரறிஞர் ராஜ் சந்திர போஸ், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற டி.கே. ராய்-சௌத்ரியுடன் சேர்ந்து 1960இல் பிழை திருத்தும் குறியீட்டு முறை ஒன்றை வெளியிட்டார். அதற்கு ஓராண்டு முன்னர் பிரெஞ்சு அறிஞர் ஹோக்கென்கெம் இதே முறையைத் தனியாகக் கண்டிருந்தார். மூவரின் பெயர் முதலெழுத்துகளால் 'பி.சி.எச். குறியீடுகள்' என அது வழங்கப்படுகிறது. செய்தியின் சில பகுதிகள் வழியில் சிதைந்தாலும் மூலச் செய்தியை மீட்டெடுக்க இது உதவுகிறது. இன்று கடைதோறும் பணம் செலுத்துவதற்குத் தொங்கவிடப்பட்டிருக்கும் கியூஆர் கட்டங்களின் வடிவத் தகவலைப் பிழையின்றிப் படிக்கவும் இக்குறியீடே பயன்படுகிறது.

தகவலைச் சிதையாமல் காப்பது ஒரு கலை. பிறர் அறியாமல் காப்பது மற்றொரு கலை. இரண்டாவதன் பெயர் சங்கேதவியல். இத்துறைக்கென இந்தியாவின் முதல் சர்வதேச மாநாடாகிய 'இந்தோகிரிப்ட்' 2000ஆம் ஆண்டு டிசம்பரில் கொல்கத்தாவில் கூடியது. புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் பிமல் ராய் இதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர். இன்று அந்நிறுவனத்தில் இயங்கும் சங்கேதவியல் மற்றும் பாதுகாப்பு மையம் ஆர்.சி. போஸின் பெயரைத் தாங்கியுள்ளது.

பூட்டும் சாவியும்

சங்கேதவியலின் அடிப்படை விதி ஒன்றை பாரிசில் வாழ்ந்த ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பார் 1883இல் வகுத்துரைத்தார். இரகசியச் செய்தியை எழுதும் முறை பகைவன் கையில் சிக்கினாலும் கேடு விளையக் கூடாது. சாவி ஒன்று மட்டுமே இரகசியமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டுப் பூட்டை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பூட்டின் உள்ளமைப்பு பூட்டுச் செய்வோர் அனைவருக்கும் தெரியும். ஆயினும், சாவி இல்லாதவன் உள்ளே நுழைய முடிவதில்லை. உள்ளமைப்பு வெளியில் தெரிந்தவுடன் திறந்துகொள்ளும் பூட்டு எனில், அது தொடக்கத்திலிருந்தே நல்ல பூட்டு அன்று.

இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. சாவி தொலைந்தால் ஒரு நொடியில் மாற்றிவிடலாம். இலட்சக்கணக்கான கணிப்பொறிகளில் பதிந்துள்ள ஒரு முறை வெளிப்பட்டுவிட்டால் அதை மாற்றப் பல ஆண்டுகள் ஆகும். எனவே, எதை மாற்றுவது எளிதோ அதைத்தான் இரகசியமாக வைக்க வேண்டும்.

ஆர்.சி.4 முறையின் கதை

இவ்விதியின் உண்மையை உணர்த்தும் சிறந்த எடுத்துக்காட்டு 'ஆர்.சி.4' என்னும் சங்கேத முறையாகும். அமெரிக்க அறிஞர் ரொனால்ட் ரிவெஸ்ட் 1987இல் உருவாக்கிய இம்முறையை, அவர் சார்ந்த நிறுவனம் வாணிப இரகசியமாகக் காத்து வந்தது. 1994 செப்டம்பரில் பெயர் தெரியாத ஒருவர் அதனை இணையத்தில் வெளியிட்டார். அதன் பிறகே உலக ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

ஆர்.சி.4 செய்வது இதுதான்: 0 முதல் 255 வரையுள்ள எண்களை ஒழுங்கு ஏதும் இன்றி வரிசையாக உதிர்க்கும்; அவற்றைச் செய்தியின் எழுத்துகளோடு கலந்தால் செய்தி மறைந்துவிடும். ஒவ்வோர் எண்ணும் 256இல் ஒரு முறை என்னும் சம வாய்ப்புடன் தோன்றினால்தான் இம்மறைப்பு உறுதியானது. ஆனால், வரிசையின் இரண்டாம் இடத்தில் பூச்சியம் 128இல் ஒரு முறை, அதாவது எதிர்பார்ப்பதைப் போல் இரு மடங்கு, தோன்றுகிறது என்று 2001இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இட்சிக் மாண்டின், ஆதி ஷமீர் ஆகியோர் நிறுவினர். பார்வைக்கு இது சிறு பிழை. ஆயினும், ஒரே செய்தி பல்வேறு சாவிகளால் பன்முறை அனுப்பப்பட்டால், இப்பிழையைக் கொண்டே அதன் இரண்டாவது எழுத்தைக் கணித்துவிடலாம்.

இவ்வாராய்ச்சியில் கொல்கத்தாவின் பங்கு கணிசமானது. சாவிக்கும் ஆர்.சி.4இன் உள்நிலைக்கும் இடையே வேண்டாத தொடர்பு ஒன்று உள்ளதென 1995இலேயே சோதனை வாயிலாகக் கண்டறியப்பட்டிருந்தது. அதற்கான கணித நிரூபணத்தை யாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கௌதம் பாலும், புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த சுபமய் மைத்ராவும் 2007இல் வெளியிட்டனர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கூடிக் கணிப்பொறி செய்த அதே இரு நிறுவனங்கள், இப்போது உலகெங்கும் பயன்பாட்டிலிருந்த ஒரு பூட்டின் குறையைக் கூடி ஆராய்ந்தன எனலாம். இறுதியில், 2015 பிப்ரவரியில் இணையப் பாதுகாப்பு இணைப்புகளில் ஆர்.சி.4 பயன்படுத்துவதை இணையத் தொழில்நுட்பத் தர அமைப்பு முற்றாக விலக்கியது.

ஆர்.சி.4 வரலாறு தரும் பாடம் தெளிவானது. மறைத்து வைத்த ஏழாண்டுகளில் அம்முறையின் குறை நீங்கவில்லை. உலகின் கண்ணுக்குப் படாமல் கிடந்தது. வெளிப்பட்ட பின்னரும், குறை தெரிந்த நாளுக்கும் அது கைவிடப்பட்ட நாளுக்கும் இடையே நீண்ட காலம் ஓடிற்று. வெளிப்படைத் தன்மை குறையைக் காட்டும். அதைத் திருத்துவது மனிதர் முயற்சியால்தான் கைகூடும்.

வெளிப்படையான போட்டி

இவ்வனுபவத்தால், இன்று சங்கேத முறைகள் பெரும்பாலும் பகிரங்கப் போட்டியின் மூலமே தெரிவு செய்யப்படுகின்றன. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1997இல் அறிவித்த போட்டியில் 15 முறைகள் ஆய்வுக்கு ஏற்கப்பட்டன. பெல்ஜியம் நாட்டு அறிஞர் இருவரின் முறை 2000இல் தெரிவாகி, 'ஏ.இ.எஸ்.' என்னும் பெயரில் வங்கிகள் முதல் கைபேசிகள் வரை பயனாகி வருகிறது.

சிறு கருவிகளுக்கு ஏற்ற முறையைத் தேடி அந்நிறுவனம் பின்னர் நடத்திய போட்டிக்கு 57 முறைகள் வந்தன. 2021இல் இறுதிச் சுற்றுக்குத் தேறிய 10 முறைகளுள் 'கிஃப்ட்-காஃப்' என்பதும் ஒன்று. அதனை வடிவமைத்த பன்னாட்டுக் குழுவில் கொல்கத்தாப் புள்ளியியல் நிறுவனத்தின் மிருதுல் நந்தியும் இடம் பெற்றார். 2023இல் 'அஸ்கான்' என்னும் ஐரோப்பிய முறை தெரிவாயிற்று. எனினும், இப்போட்டியில் வெல்லாதவரின் உழைப்பும் வீணாவதில்லை. ஒவ்வொரு குழுவும் மற்றக் குழுவின் முறையை உடைக்க முயல்கிறது; உடையாமல் நிற்பதன் மீது உலகின் நம்பிக்கை வளர்கிறது.

திறந்த மென்பொருள்: உரிமையும் பொறுப்பும்

இதே கோட்பாட்டை மென்பொருள் முழுமைக்கும் விரித்தால் கிடைப்பதே திறந்த மென்பொருள். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், ஆராயலாம், தம் தேவைக்கேற்ப மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் வழங்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த 'குனூ' திட்டமும், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட 'லினக்ஸ்' கருவும் இவ்வியக்கத்தின் இரு தூண்கள். நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 'பாஸ்' என்னும் லினக்ஸ் வகையை இந்திய மொழிகளுக்கு ஏற்ப உருவாக்கி 2007இல் வெளியிட்டது. மத்திய அரசு 2015இல் வெளியிட்ட கொள்கை, அரசுத் துறைகள் புதிய கணிப்பொறி அமைப்புகளை வாங்கும்போது திறந்த மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும், அதைத் தவிர்த்தால் காரணம் காட்ட வேண்டும் என்றும் கூறுகிறது. 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட 'ஆரோக்கிய சேது' செயலியைப் பற்றி எழுந்த ஐயங்களை அடுத்து, அதன் ஆண்ட்ராய்டு மூல நிரல் மே மாத இறுதியில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. குறை கண்டு சொல்வோருக்குப் பரிசும் அறிவிக்கப்பட்டது.

ஆயினும், திறந்திருக்கிறது என்பதாலேயே ஒரு மென்பொருள் பாதுகாப்பானது என்று கொள்வது தவறு. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் திறந்த மென்பொருளில் 2012 மார்ச்சில் புகுந்த 'ஹார்ட்பிளீட்' என்னும் பிழை, 2014 ஏப்ரல் வரை, இரண்டாண்டுக் காலம், எவர் கண்ணிலும் படவில்லை. நிரலை எவரும் படிக்கலாம் என்று இருந்தது, படித்தவர்தாம் இல்லை. உலகம் முழுவதும் பயன்படுத்திய அம்மென்பொருளைப் பேணியவர்கள் மிகச் சிலரே.

2024 மார்ச்சில் வெளியான நிகழ்ச்சி இதனினும் கவலை தருவது. 'எக்ஸ்.இசட்.' என்னும் சிறு மென்பொருளை ஒருவர் ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் பேணி வந்தார். புனைபெயரில் வந்த ஒருவர் ஈராண்டுகளுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பெற்று, இறுதியில் கள்ள வாயில் ஒன்றை அதில் பொருத்தினார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், தம் கணிப்பொறியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்ததனால், அது பரவும் முன் பிடிபட்டது. மூல நிரல் திறந்திருந்ததால் அவரால் துருவ முடிந்தது. பேணுவோர் தனித்து விடப்பட்டதால் வஞ்சகன் நுழைய முடிந்தது. இரண்டு உண்மைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகத் திறந்த மென்பொருளை ஏற்கும் துறை, அதனைப் பேணும் செலவில் தன் பங்கை ஏற்காவிடில், பூட்டை வாங்கிவிட்டுக் காவலாளியை நீக்கியவர் நிலைக்கே ஆளாகும்.

பரவலாக்கமும் இணையச் சமூகங்களும்

மென்பொருள் திறந்திருந்தாலும், மக்களின் தகவலும் உரையாடலும் ஒரே நிறுவனத்தின் கையில் குவிந்தால் வேறு வகை ஆபத்து தோன்றுகிறது. 2021 அக்டோபர் 4ஆம் நாள் ஒரே நிறுவனத்துக்கு உரிய ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றுபோயின. இந்தியாவில் ஒரு காலத்தில் பேராதரவு பெற்ற 'ஆர்க்குட்' 2014 செப்டம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டது. 'கூ' என்னும் இந்தியத் தளம் 2024இல் மூடப்பட்டது. உரிமையாளர் கதவைச் சாத்தினால் அங்கே கூடியிருந்த சமூகமும் கலைய வேண்டியதே.

மின்னஞ்சலோ இவ்வாறு அமையவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென அஞ்சல் கணிப்பொறி வைத்துக்கொள்ளலாம். பொதுவான விதிமுறை ஒன்று இருப்பதால் யாவரும் ஒருவரோடொருவர் தொடர்பு கொள்ளலாம். இதே முறையைச் சமூக வலைத்தளங்களுக்கும் கொண்டுவர 'ஆக்டிவிட்டிபப்' என்னும் பொது விதிமுறை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பால் ஏற்கப்பட்டது. 2016இல் தொடங்கிய 'மாஸ்டடான்' இவ்விதிமுறையில் இயங்குவது. அதற்குத் தனி உரிமையாளர் இல்லை. சிறிதும் பெரிதுமான பல நிலையங்கள் தத்தம் விதிகளுடன் இயங்கித் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. 2019 நவம்பரில் இந்தியப் பயனர்கள் பலர் அங்கே கணக்குத் தொடங்கினர்.

கொல்கத்தாவின் சிற்றிதழ்களை அறிந்தவர்களுக்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. ஒவ்வொரு சிற்றிதழுக்கும் தனி ஆசிரியர், தனி அச்சகம், தனிக் கொள்கை. எனினும் புத்தகக் கண்காட்சியில் அவை ஒரே கூரையின் கீழ்க் கூடுகின்றன. ஓர் இதழ் நின்றுபோனாலும் இயக்கம் நிற்பதில்லை. ஆனால், நின்றுபோன இதழ்களின் பக்கங்களை யார் காப்பது? கல்லூரித் தெரு அருகே டேமர் சந்தில் சந்தீப் தத்தா 1978இல் ஒரு நூலகம் தொடங்கி அப்பணியை மேற்கொண்டார். பரவிக் கிடப்பதற்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. தன்னார்வலர் ஒருவர் நடத்தும் சிறு இணைய நிலையம் பணமின்றி மூடப்படலாம். அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் காலத்தில் நிறுவப்படாமற் போகலாம். பழிச்சொல்லையும் பொய்ச் செய்தியையும் களைய ஆளில்லாமலும் போகலாம்.

அரசின் கவலையும் புறக்கணிக்கத்தக்கது அன்று. 2023இல் மத்திய அரசு 14 செய்திச் செயலிகளைத் தடை செய்தபோது, திறந்த மென்பொருளாகவும் மையமின்றியும் இயங்கும் 'எலிமெண்ட்', 'பிரையார்' போன்றவையும் அப்பட்டியலில் இருந்தன. பயங்கரவாதிகள் அவற்றைப் பயன்படுத்தினர் என்பது கூறப்பட்ட காரணம். அதே செயலிகளைப் பத்திரிகையாளரும், நேர்மையான காரணங்களுக்காகத் தனிமை நாடுவோரும் பயன்படுத்துகின்றனர் என்பது எதிர்வாதம். 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்த பின், இவ்விரு நலன்களையும் எடைபோட்டே முடிவு காண வேண்டியுள்ளது.

அலுவலகங்களின் கடமை

அதிகாரப் பரவலாக்கம் நம் நிர்வாகத்துக்குப் பழகிய சொல். மேற்கு வங்கம் 1978இல் மூன்றடுக்கு ஊராட்சித் தேர்தலை நடத்தியது. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சி அமைப்பை நாடு முழுவதற்கும் உரியதாக்கியது. அதிகாரத்தோடு நிதியும் பயிற்சி பெற்ற ஊழியரும் சென்று சேர்ந்த இடங்களில்தான் ஊராட்சி வலுப்பெற்றது என்பது அந்த அனுபவத்தின் சாரம். கணிப்பொறித் துறைக்கும் இது பொருந்தும்.

எனவே, ஓர் அலுவலகம் தன் பாதுகாப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. வாங்கப்படும் மென்பொருளை வெளியார் ஆராய இடமுண்டா? திருத்தங்கள் வெளியான எத்தனை நாளில் நிறுவப்படுகின்றன, அதற்குப் பொறுப்பானவர் யார்? கோப்புகளின் நகல், இணைப்பிலிருந்து விலக்கப்பட்ட வேறோர் இடத்தில் உள்ளதா, அதிலிருந்து மீட்டுப் பார்த்ததுண்டா? தேவையற்ற தகவல் ஒரே இடத்தில் குவிக்கப்படுகிறதா? ஊடுருவல் நிகழ்ந்தால் அதை மறைக்காமல் தெரிவிக்கும் பழக்கம் உண்டா? இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட ஆணைப்படி, இத்தகைய நிகழ்ச்சிகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குறையை ஒளிப்பது நிர்வாகத்தின் மானத்தைக் காப்பதுபோல் தோன்றும். அடுத்த அலுவலகம் தப்பும் வாய்ப்பை அது பறித்துவிடுகிறது.

மேதினிபூர் அலுவலகங்களைத் தாக்கிய நிரலுக்கு மாற்று இரண்டு மாதங்களுக்கு முன்பே இருந்தது. இல்லாமற்போனது அதை நிறுவும் பொறுப்புள்ள கை. பூட்டின் அமைப்பைப் பலர் ஆராயட்டும். சாவி உரியவரிடம் மட்டும் இருக்கட்டும். பூட்டை நாள்தோறும் சரிபார்க்கும் கைகள் ஒவ்வோர் ஊரிலும் பயிற்சி பெறட்டும். மக்கள் நம்பி ஒப்படைத்த தகவல்களுக்கு அரசு அளிக்கக்கூடிய காவல் இதுவே.